இரண்டாவது ஆள்

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இது நாட்குறிப்பு அல்ல, பதிவேடு. நாளைக்கு ஏதாவது ஆகி, "காந்திமதி மேடம், என்ன பார்த்தீர்கள், எப்போது பார்த்தீர்கள்?" என்று யாராவது கேட்டால் தேதிவாரியாக எடுத்து நீட்டுவதற்காக எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். எங்கள் கல்லூரி அறிவியல் விழா அக்டோபர் 16. என் எதிர் வீட்டு நம்பிராஜன் தன் கார் ஷெட்டில் ஒரு டெஸ்லா சுருள் செய்து வைத்திருக்கிறார். ஆள் உயரம். குழாயில் சுற்றிய செம்புக் கம்பி, உச்சியில் அலுமினிய வளையம். ஓட்டினால் வளையத்திலிருந்து ஊதா நிறத்தில் இரண்டு முழ நீளத்துக்கு மின்னல் கிளம்புமாம். அதை விழாவில் நானூறு பெண்களுக்கு முன் ஓட்டிக் காட்ட அனுமதி கேட்டு முதல்வருக்குக் கடிதம் எழுதிவிட்டார். முதல்வருக்கு ஆசை, பயம் இரண்டும். இரண்டையும் என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார்.

"நீங்க ஃபிசிக்ஸ். எதிர் வீடு வேற. பாதுகாப்பானதுதான்னு நீங்க கையெழுத்துப் போட்டா நடத்துவோம். போடலைன்னா கிடையாது."

ஆக, அந்த மனிதரின் ஆறு வருட வேலை என் கையெழுத்தில் வந்து நிற்கிறது. அவருக்கு ஐம்பத்தைந்து. சிமெண்ட் ஆலையின் மின்பிரிவில் இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து ஆறு வருடம். சுருளுக்கும் ஆறு வருடம். எனக்கு நாற்பத்தொன்பது, இயற்பியல் பாடம் எடுக்கத் தொடங்கி இருபத்திரண்டு வருடம், கல்யாணம் ஆகவில்லை. கடைசித் தகவல் பதிவேட்டுக்குத் தேவையில்லை. ஆனால் அடித்தல் திருத்தல் இருந்தால் பதிவேட்டுக்கு மதிப்பு போய்விடும், இருக்கட்டும்.

என் நிலைப்பாடு: இணையத்தைப் பார்த்துச் செய்த எதையும் நான் நம்புவதில்லை, சாம்பார் உட்பட.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மாலை ஐந்து மணிக்குப் போனேன். ஷெட்டில் கார் இல்லை, எப்போதும் இருந்ததில்லை. கதவைச் சாத்தி, சாக்குத் துணியால் இடுக்குகளை அடைத்து, என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மூலையில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டினார்.

சத்தம் அதிகம். ஓசோன் வாடை. மின்னல் சொன்ன அளவுக்கு வருகிறது. என் கை ரோமம் எழுந்து நின்றது, அது மின்புலத்தால்.

எனக்குக் கவலை மின்னல் அல்ல, கீழே பலகையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் நான்கு டின்கள். ஒவ்வொன்றும் மண்ணெண்ணெய் டின் அளவு, உள்ளே எண்ணெய். பாளையங்கோட்டை பழைய இரும்புக் கடையில் பிடித்தாராம். நான் மின்தேக்கி என்கிறேன், அவர் ஆலைப் பழக்கத்தில் கண்டன்சர் என்கிறார், சுருளைக் காயில் என்பது போல. பெயர் எதுவானாலும் அது மின்சாரத்தைப் பிடித்து வைக்கும் பாத்திரம். பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும். எல்லாம் ஓய்ந்து, சத்தம் நின்று, "முடிந்தது" என்று மனிதன் கையை நீட்டும்போதுதான் அது ஆளைக் கொல்லும்.

"இத எப்படி சார் காலி பண்ணுவீங்க?"

"இப்படித்தான்" என்று பெரிய ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்து வரிசையின் இரண்டு முனையையும் சேர்த்து ஒரு போடு போட்டார். காதைப் பிளந்தது. ஸ்க்ரூடிரைவரின் நுனி கரையான் தின்ற மாதிரி இருந்தது. அதைப் பெருமையாக என்னிடம் நீட்டினார்.

"ஆலையில முப்பது வருஷம் இப்படித்தான் மேடம். எத்தன ஸ்க்ரூடிரைவர் போயிருக்குங்கீங்க!"

"கையெழுத்து இல்ல சார்."

"இப்பமே இல்லையா? முறுக்கு கூட எடுத்து வைக்கல."

முறுக்கு கடையில் வாங்கியது. நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அவரைக் கொண்டே ஒரு கோல் செய்ய வைத்தேன். நீளமான பிவிசி குழாய், நுனியில் இரண்டு பித்தளைக் கொக்கி, இரண்டிலிருந்தும் தரையில் பதித்த கம்பிக்கு ஒயர். ஒரு கொக்கியின் ஒயரில் மின்தடைகள் கோத்திருக்கும். முதலில் அந்தக் கொக்கியால் தொட்டு முப்பது எண்ண வேண்டும். மின்சாரம் ஆர்ப்பாட்டம் இல்லாமல் வடியும். பிறகு நேர்க் கொக்கியால் தொட வேண்டும். இடது கை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஏதாவது ஆனாலும் மின்சாரம் ஒரு கையில் ஏறி, நெஞ்சைத் தாண்டி, மறு கையில் இறங்கக் கூடாது.

எங்கள் இரண்டு வீட்டிலும் வேலை செய்யும் முப்பிடாதி வாசல் தெளிக்க வந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன சார், துரட்டி? மாங்கா பறிக்கவா?"

அன்றிலிருந்து அதன் பெயர் துரட்டி.

அடுத்து ஒரு சின்ன சோதனை. வரிசையின் இரண்டு முனையையும் துரட்டியால் காலி செய்தார். மீட்டரை முனைகளில் வைத்தேன், பூஜ்யம். "பாத்தீங்களா?" என்றார். நான் மீட்டரை ஒவ்வொரு டின்னாக வைத்தேன். இரண்டாவதில் முந்நூற்று எண்பது வோல்ட் ஒரு திசையில், மூன்றாவதில் அதே அளவு எதிர்த்திசையில். மொத்தமாகக் கூட்டினால் பூஜ்யம். நடுவில் கை வைத்தால் பூஜ்யம் அல்ல.

மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப ஆறு வருஷமா நான் செஞ்சதுக்கு என்ன பேரு மேடம்?"

"அதிர்ஷ்டம்."

ஆகஸ்ட் 31, ஞாயிறு

விதிகள் எழுதினோம். நான் சொல்ல, அவர் எழுதினார். கையெழுத்து அச்சு மாதிரி. நடு இணைப்புகள் உட்பட ஐந்து இடத்திலும் துரட்டி வைக்க வேண்டும். ஒவ்வொரு டின்னுக்கும் தனியாக ஒரு வடிகால் மின்தடை மாட்ட வேண்டும், ஆனால் அதை நம்பக் கூடாது, அது அறுந்து போனால் வெளியே தெரியாது. காலி செய்த பிறகு ஐந்து இடத்தையும் ஒரு செம்புக் கம்பியால் சேர்த்துக் கட்டி, அடுத்த முறை ஓட்டும்வரை அப்படியே விட வேண்டும்.

கடைசி விதியில் தகராறு.

"காலி பண்ணியாச்சு. பெறகு எதுக்குக் கட்டு?"

எண்ணெய்க் காகித மின்தேக்கிகளில் மின்சாரத்தின் ஒரு பகுதி உள்ளே காகிதத்தில் ஊறிப் போய்விடும், முனைகளைத் திறந்து விட்டால் மணிக்கணக்கில், நாள் கணக்கில் மெல்ல வெளியே வந்து சேரும் என்று விளக்கினேன்.

"அடக்கம் பண்ணினது எந்திரிச்சு வரும்கீங்க."

"பாடத்துல இருக்கு."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

இல்லை. இருபத்திரண்டு வருடமாகக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், இரண்டு மதிப்பெண் கேள்வியாகக் கேட்டிருக்கிறேன், விடைத்தாளில் சரி போட்டிருக்கிறேன். பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "சரி, கட்டுவோம்" என்று எழுதிக்கொண்டார். இதைக் குறித்து வைக்கிறேன்.

முதல் விதியாக வைத்தது: தனியாக ஓட்டக் கூடாது. இரண்டாவது ஆள் ஒருவர் இருக்க வேண்டும். பிடுங்கிய பிளக் அவர் கையில் இருக்க வேண்டும், எல்லாம் முடியும்வரை தரக் கூடாது.

"ரெண்டாவது ஆளுக்கு நான் எங்க போவேன்?" என்றார் எழுதுவதை நிறுத்தாமல்.

ஆலை நண்பர்கள் யாராவது இருப்பார்கள் என்றேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஆலை நண்பர் ஒருவருக்கு மூட்டுவலி, ஒருவர் மகன் வீட்டுக்குச் சென்னை போய்விட்டார், ஒருவர் சுருளைப் பார்த்ததும் "எனக்குப் பேரப் பிள்ளைய இருக்கு வே" என்று கிளம்பிவிட்டார். தற்காலிக ஏற்பாடாக நான்.

செப்டம்பர் 10, புதன்

அக மதிப்பீட்டு மதிப்பெண் ஏற்றினேன். சர்வர் மூன்று முறை விழுந்தது. தண்ணீர் லாரி வரவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

நான்கு நிமிடம் ஓட்டினோம். வடித்தல் ஐந்து இடமும் சரி. கட்டு சரி.

பருத்திச் சேலைதான் கட்டிப் போக வேண்டும், செயற்கை இழையில் பொறி பட்டால் உருகி ஒட்டும். என்னிடம் சுமாரான பருத்திச் சேலைகள் இரண்டுதான் இருக்கின்றன. கவனிக்க வேண்டும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

இன்று ஒரு சின்ன வாக்குவாதம். ஓட்டுவதற்கு முன் கட்டை அவிழ்க்க வேண்டும் அல்லவா. அவிழ்ப்பதற்கு முன்னாலும் துரட்டி வைக்கச் சொன்னேன்.

"கட்டு இருக்கு மேடம், கண்ணால பாக்கோம். குளிச்சிட்டு வந்தவன மறுபடியும் குளிக்கச் சொல்லுதீங்க."

"ஒரு நிமிஷம் ஆகுமா சார்? ஆகட்டுமே."

"உங்க வகுப்புல பிள்ளைய பாவம்."

வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காது என்று எனக்கும் தெரியும். விதி என்றால் விதி. பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காபி கொடுத்தார். என் டம்ளரை முதலிலேயே தனியாக எடுத்து வைத்திருந்தார். சர்க்கரை குறைவு. நான் எப்போதோ ஒரு தடவை சொன்னது.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஆறு நிமிடம் ஓடியது, இதுவரை அதிகம் இதுதான். எல்லா அளவுகளும் நான் எதிர்பார்த்ததற்குள். அவர் துரட்டியைத் துடைத்தபடி என் முகத்தைப் பார்த்தார். நானே சொன்னேன்: நாளை மதுரைக்குப் போகிறேன், ஒரு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. வியாழக்கிழமை திரும்பியதும் இன்னும் ஒரு முறை பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுகிறேன்.

"வியாழக்கிழமை விஜயதசமி மேடம். நல்ல நாளு. பூசையில இருந்து எடுத்து ஓட்டிரலாம்."

"நான் வர்றதுக்கு முன்னால ஓட்ட மாட்டீங்களே?"

"பிளக்க நீங்கதான மதுரைக்குக் கொண்டு போறீங்க?"

விளையாட்டாகச் சொன்னார். பிளக்கை நிஜமாகவே கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் 30, செவ்வாய், மதுரை

தேர்வு முடிந்தது. ஆய்வாளர் நன்றாகப் பதில் சொன்னார், வழிகாட்டி நன்றாகத் தூங்கினார். சாயங்காலம் ஒரு சுங்குடிச் சேலை வாங்கினேன். பருத்தி. பாதுகாப்புக் காரணம்.

அக்டோபர் 2, வியாழன்

நிதானமாக எழுத வேண்டும் என்பதால் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பத்து மணிக்குப் போனேன். ஷெட் அடையாளம் தெரியவில்லை. தரை கழுவிக் கோலம். சுருளுக்கு விபூதிப் பட்டை, உச்சி வளையத்தில் வாழைக் கன்று சாய்த்து வைத்திருந்தது. துரட்டிக்குச் சந்தனம் குங்குமம். நான்கு டின்னுக்கும் பொட்டு, மேலே அடர்த்தியாகச் செவ்வந்திச் சரம். ஆயுத பூஜை வேலை முப்பிடாதியுடையது. செவ்வாய்க்கிழமை முழுக்கத் துடைத்திருக்கிறாள். நம்பிராஜன் புதன்கிழமை தீபாராதனை காட்டியதோடு சரி.

எனக்கு இது எதிலும் நம்பிக்கை இல்லை. அழகாக இருந்தது என்பதை மறுக்கவில்லை.

"நல்ல நேரம் பத்தரை வரைதான்" என்று பூச்சரத்தை ஒதுக்கிக் கையை நீட்டினார், கட்டை அவிழ்க்க.

"சார், துரட்டி."

"கட்டு இருக்கு மேடம். இதோ பாருங்க, தெரியுது."

பூவுக்கு நடுவே டின்னுக்கு டின் மஞ்சளாக ஏதோ ஓடுவது எனக்கும் தெரிந்தது. கட்டு இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். பதிவேட்டில் இது இருக்க வேண்டும்: எனக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை. பழக்கம்தான் வாயைத் திறந்தது.

"நம்பி, கையை எடுங்க!"

எடுத்தார். நான் அப்படிக் கூப்பிட்டதால் எடுத்திருக்கலாம். முகத்தைச் சுளித்துக்கொண்டே துரட்டியை எடுத்து, இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி, "போதுமா?" என்ற பார்வையோடு, முதல் கொக்கியை விட்டுவிட்டு வேண்டுமென்றே நேர்க் கொக்கியால் தொட்டார்.

சடக்.

தீபாவளிக் கேப் வெடித்த மாதிரி ஒரு சத்தம், வெள்ளையாக ஒரு வெட்டு. செவ்வந்திப் பூ ஒன்று கருகிக் கீழே விழுந்தது.

இரண்டு பேரும் அந்தப் பூவைப் பார்த்தோம். பிறகு அவர் மற்ற நான்கு இடத்திலும் ஒழுங்காக, தடைக் கொக்கி, முப்பது எண்ணிக்கை, நேர்க் கொக்கி என்று வைத்தார். அதன் பிறகு பூச்சரத்தைத் துரட்டியாலேயே தூக்கினோம்.

செம்புக் கம்பி இல்லை. அந்த இடத்தில், ஐந்து முனையையும் சேர்த்து, நேர்த்தியாக, மூன்று இழை முறுக்கிய மஞ்சள் நூல்.

முப்பிடாதியைக் கூப்பிட்டோம். ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"கம்பியா? நாந்தான் அவுத்தேன். செத்தவுக கால் பெருவெரல கெட்டுன மாரில்லா இருந்துச்சு! பூசைக்கு வைக்க சாமானம், அப்படியா வைக்கது? கெட்டாம விட்டா நீங்க ஏசுவீயளேன்னு மஞ்ச நூலாப் பாத்து கெட்டி வச்சேன். இடம் மாறாமத்தான் கெட்டிருக்கேன், வேணும்னா எண்ணிப் பாருங்க."

எண்ணத் தேவையில்லை. என்னைவிட ஒழுங்காகக் கட்டியிருந்தாள். அவள் அவிழ்த்த நேரத்தில் டின்கள் காலியாகத்தான் இருந்திருக்கின்றன. அதற்குப் பிறகு ஏறக்குறைய நாற்பத்தெட்டு மணி நேரம், செம்புக் கம்பி இல்லாமல், நூலுக்கு அடியில், உள்ளே ஊறியது ஊறியபடி மேலே வந்திருக்கிறது. வடிகால் மின்தடைகளைச் சோதித்தேன். பொட்டு வைக்க டின்னைத் துடைத்ததில் நான்கிலும் தடையின் ஒரு முனை கழன்றிருந்தது.

நம்பிராஜன் அவளைத் திட்ட வாயெடுத்தார். "அவகிட்ட யாரு சொன்னா?" என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டார். விதிகளை எழுதிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருந்தோம். ஒன்பது விதி. ஒன்றில்கூட "கம்பியை அவிழ்க்காதே" என்று இல்லை. ஷெட்டுக்குள் வருவது இரண்டே பேர் என்று நினைத்து எழுதியது. வாரத்துக்கு நான்கு நாள் பெருக்குகிறவள் எங்கள் கணக்கில் வரவில்லை.

இன்று சுருள் ஓடவில்லை.

பார்த்துவிட்டேன், இரண்டு மதிப்பெண் கேள்வியை.

அக்டோபர் 3, வெள்ளி

கையெழுத்துப் போடவில்லை. அவரிடம் நேரில் போய்ச் சொன்னேன்.

"தெரிஞ்ச ரெண்டு பேருக்குப் பாதுகாப்பா இருந்தா போதாது சார். அங்க வர்ற நானூறு பேருக்கும் ஒண்ணும் தெரியாது."

"பதிமூணு நாள் இருக்கு."

"தெரியும்."

"ஆறு வருஷம் மேடம்." குரல் உயரவில்லை. "அவ போன பெறகு வீட்டுக்குள்ள இருக்க முடியல. ஷெட்டுக்கு வந்தேன். இதப் பாத்து யாராவது ஒருத்தர் 'ஏ யப்பா'ன்னு சொல்லணும். அவ்வளவுதான் கேட்டேன்."

ஆகஸ்ட் 17 அன்று, முதல் தடவை பார்த்தபோது, நான் அதைச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இப்போது சொன்னால் ஆறுதலுக்குச் சொன்ன மாதிரி ஆகிவிடும். சொல்லாமல் வந்துவிட்டேன்.

முப்பிடாதி என் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "அக்கா, நேத்து சார நம்பீன்னு கூப்பிட்டீயளாமே" என்றாள்.

"யார் சொன்னா?"

"சாருதான். சிரிச்சிக்கிட்டே சொன்னாவ."

சோப்பு அதிகம் போடாதே என்றேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

ராத்திரியெல்லாம் யோசிக்கவில்லை, தூங்கினேன். காலையில் பல் தேய்க்கும்போது யோசனை வந்தது. விதியைப் படிக்காத, யாரும் எதுவும் சொல்லாத ஒருவர், தன் போக்கில் அந்த இயந்திரத்தைத் துடைத்தாலும் ஒன்றும் ஆகக் கூடாது. அப்படி ஒன்று செய்ய முடிந்தால் கையெழுத்துப் போடலாம். அந்த ஒருத்தி கையில் துடைப்பத்தோடு நம்மிடமே இருக்கிறாள்.

நம்பிராஜனிடம் போய்ச் சொன்னேன். சட்டை பட்டனைத் தப்பாகப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

டின்களை நான்கு தடவை காலி செய்து, கட்டி, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு முப்பிடாதியை உள்ளே விட்டோம். "நீ எப்பவும் எப்படித் துடைப்பியோ அப்படித் துடை. நாங்க பார்க்க மட்டும் செய்வோம்."

"பரீச்சையா?"

"எங்களுக்கு."

அவள் துடைக்கத் துடைக்க நான் எண்ணினேன். பதினேழு இடத்தில் கை வைத்தாள். அதில் ஆறு, நாங்கள் கனவிலும் நினைக்காத இடங்கள். டின்னுக்கு அடியில் கையை விட்டு ஒரு கரப்பான்பூச்சியை எடுத்தாள். செம்புக் கம்பியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இது எதுக்குன்னு மொதல்லயே சொல்லிருந்தா நான் ஏன் அவுக்கப் போறேன்? சாமானம் அழகா இருக்கணுமா, ஆளு உசுரோட இருக்கணுமான்னு கேட்டா எனக்குத் தெரியாதா?"

நம்பிராஜன் காபி போடப் போய்விட்டார். மூன்று டம்ளர் கொண்டுவந்தார்.

அக்டோபர் 11, சனி

டின்கள் இப்போது கம்பிவலைக் கூண்டுக்குள் இருக்கின்றன. அரையடி இடைவெளி, விரல் எட்டாது. உள்ளே, தலைக்கு மேல், ஐந்து விரல் வைத்த ஒரு பித்தளைச் சட்டம் தொங்குகிறது. மின்சாரம் இருக்கும்வரை ஒரு மின்காந்தம் அதைத் தூக்கிப் பிடித்திருக்கும். பிளக்கைப் பிடுங்கினாலோ, கரண்ட் போனாலோ, கூண்டின் கதவை யாராவது ஒரு விரற்கடை திறந்தாலோ பிடி விட்டுப்போய்ச் சட்டம் தன் பாரத்தில் ஐந்து முனையிலும் விழும், தடைகள் வழியாக வடித்துவிடும், அங்கேயே கிடக்கும். யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவையில்லை, யாரும் கட்டத் தேவையில்லை. விழுந்தால் டங் என்று வெளியே கேட்கும். இவ்வளவையும் ஆறு நாளில் செய்திருக்கிறார். கண் சிவந்திருந்தது.

நூறு தடவை போட்டுப் பார்க்க வேண்டும் என்றேன்.

"நூறா?"

"நூறு."

அவர் தூக்க, நான் எண்ண, நாற்பத்தொன்றாவது தடவை சட்டம் பாதியில் ஒட்டி நின்றது. ஓரத்தில் பெயிண்ட் பிசிறு. தேய்த்தார், எண்ணெய் விட்டார்.

"நாப்பத்திரெண்டு" என்றார்.

"ஒண்ணு" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். நாற்காலியை நிழலுக்கு நகர்த்திப் போட்டு, "உக்காருங்க மேடம், நேரமாகும்" என்றார். ஒன்றிலிருந்து நூறு. டங் டங் என்று தெருவே கேட்டது. பக்கத்து வீட்டில் ஏதாவது கோயிலா என்று கேட்டார்களாம்.

அக்டோபர் 14, செவ்வாய்

முதல்வர் அறையில் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். கடைசியில் ஒரு கட்டம்: "இயக்கும்போது உடனிருந்து பொறுப்பேற்பவர்." என் பெயரை எழுதினேன்.

"நீங்களா?" என்றார் முதல்வர். "நீங்க எதுலயும் மாட்டிக்க மாட்டீங்களே."

"வேற ஆள் இல்ல மேடம்" என்றேன். இது முழு உண்மை அல்ல. மூட்டுவலி நண்பர் இப்போது நன்றாக நடக்கிறார்.

அக்டோபர் 16, வியாழன்

நடந்தது. சன்னல்களுக்குக் கறுப்புத் துணி. முதல் வரிசையில் முப்பிடாதி, பட்டுச் சேலையில், காதில் பஞ்சு. நான் மேடை ஓரத்தில், பிளக் போட்டிருந்த பலகைக்குப் பக்கத்தில். சுங்குடி.

முதல் மின்னல் கிளம்பியபோது நானூறு பெண்களும் ஒரே குரலில் "ஏ யப்பா" என்றார்கள். நானும் சொன்னேன். அந்தச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது.

மூன்று நிமிடம். பிளக்கைப் பிடுங்கினேன். டங்.

"விழுந்துட்டு!" என்றாள் முப்பிடாதி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

அவர் கூண்டைத் திறந்து, இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி, ஒவ்வொரு இடமாகத் துரட்டி வைத்தார். பெண்கள் அடங்கிப் பார்த்தார்கள். இரண்டாம் வருடப் பெண் ஒருத்தி எழுந்து, "அதான் ஆஃப் ஆயிட்டே சார், கம்பியும் விழுந்துட்டு, பெறகும் எதுக்கு?" என்றாள்.

அவர் ஐந்தாவது இடத்தையும் எண்ணி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"எங்க மேடம் எதையும் நம்ப மாட்டாங்கம்மா. நான் எல்லாத்தையும் நம்பிருவேன். போன ரெண்டாம் தேதி நம்பிக் கைய நீட்டினேன். அவங்க நம்பல. அதனால இன்னைக்கு உங்களுக்கு இதக் காட்ட முடிஞ்சுது."

அரங்கில் நீளமாக ஒரு "ஓ..." எழுந்தது. இந்தப் பெண்களுக்கு எதற்கெடுத்தாலும் ஓ. "எங்க மேடம்" என்று கல்லூரியைச் சேர்த்துத்தான் சொல்லியிருப்பார்.

பிளக்கைத் திருப்பிக் கொடுக்க மறந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

அக்டோபர் 18, சனி

முறுக்கு சுட்டேன். மூன்று பேர் சாப்பிடும் அளவு வந்துவிட்டது.

அக்டோபர் 19, ஞாயிறு

சுருள் கல்லூரியிலேயே இருக்கிறது. தீபாவளி விடுமுறை முடிந்துதான் வண்டி வைத்துக் கொண்டுவர வேண்டும். எதிர் வீட்டு ஷெட் காலி. ஓட்ட ஒன்றும் இல்லை, காலி செய்ய ஒன்றும் இல்லை. ஒன்பது விதியில் எதன்படியும் இன்று இரண்டாவது ஆள் தேவையில்லை.

ஐந்து மணிக்கு டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். ஷெட் பக்கம் போகாமல் வீட்டு வாசலுக்குப் போய் மணியை அடித்தேன். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், சாத்தியிருந்த ஷெட்டைப் பார்த்தார்.

"காயில் இங்க இல்லையே மேடம்" என்றார்.

"தெரியும்" என்றேன்.